மேப் கேள்வியில் மார்க் போகிறது, எங்கிருந்து ஆரம்பிப்பது?

கேள்வி இதுதான்: மகள் பத்தாம் வகுப்பு. சமூக அறிவியலில் மற்றதெல்லாம் நன்றாக எழுதுகிறாள், வரைபட வினா வந்தால் மட்டும் நெய்வேலியைக் கொண்டுபோய் சேலத்தில் வைக்கிறாள், மன்னார் வளைகுடாவும் பாக் நீர்ச்சந்தியும் இடம் மாறிவிடுகின்றன. அவுட்லைன் மேப் கட்டுக் கட்டாக வாங்கிக் கொடுத்து நிரப்பச் சொல்லியும் மனதில் நிற்கவில்லை. என்ன செய்யலாம்?

முதலில் அந்தக் கட்டை அலமாரியில் வையுங்கள். அவுட்லைன் மேப்பில் வெறும் ஓரம்தான் இருக்கிறது, உள்ளே பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. அதனால் குழந்தை 'இந்த வளைவிலிருந்து ரெண்டு விரல் உள்ளே' என்று கண்ணளவில் மனப்பாடம் செய்கிறது, தேர்வில் வரும் மேப் கொஞ்சம் சிறியதாகவோ பெரியதாகவோ அச்சாகியிருந்தால் அந்த ரெண்டு விரல் கணக்கு காலி. ஊர்களைத் தனித்தனிப் புள்ளிகளாகப் படிக்கக் கூடாது, ஒன்றுக்கொன்று எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்றுதான் படிக்க வேண்டும். இனி சொல்வதெல்லாம் அதற்கான வழிதான்.

தமிழ்நாட்டு மேப்பை எடுத்து பென்சிலால் இரண்டே கோடு போடச் சொல்லுங்கள். ஒன்று மேலிருந்து கீழே, 78 டிகிரி கிழக்குத் தீர்க்கக்கோடு. தருமபுரி, சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை, தூத்துக்குடி ஏழும் இந்தக் கோட்டின் மேலோ அதிலிருந்து சுமார் 20 கிலோமீட்டருக்குள்ளோ வந்துவிடும். நம்பிக்கை இல்லையென்றால் அட்லஸில் ஸ்கேல் வைத்துப் பாருங்கள். இன்னொன்று குறுக்கே, 10 டிகிரி 45 நிமிட அட்சக்கோடு. எல்லைக்கு அந்தப் பக்கம் பாலக்காடு, இந்தப் பக்கம் திருச்சி, தஞ்சாவூர், நாகப்பட்டினம் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே வரிசை. இரண்டு கோடும் கரூருக்குக் கொஞ்சம் தெற்கே வெட்டிக்கொள்ளும். இனி எந்த ஊர் கேட்டாலும் இந்தக் கூட்டல் குறியிலிருந்து எந்தப் பக்கம் என்று யோசித்தால் போதும். மூன்றாவதாக ஒரு கோடு வேண்டுமென்றால் 13 டிகிரி: சென்னை, வேலூர், பெங்களூரு, மங்களூரு வரை அதை ஒட்டியே போய்விடலாம்.

சும்மா சொல்லக் கூடாது, நெய்வேலியைச் சேலத்தில் வைத்த உங்கள் பெண் பாதி சரியாகத்தான் வைத்திருக்கிறாள். இரண்டு ஊரும் ஏறக்குறைய ஒரே அட்சத்தில், 11 டிகிரி 40 நிமிடத்தை ஒட்டி இருக்கின்றன. அவள் விட்டது தீர்க்கத்தை மட்டும்தான், சேலத்திலிருந்து நேர் கிழக்கே சுமார் 150 கிலோமீட்டர் நகர்த்தியிருந்தால் முழு மார்க். இதை அவளிடம் இப்படியே சொல்லுங்கள், 'தப்பு' என்று சிவப்பு மையில் சுழிப்பதைவிட இது உதவும். மன்னார், பாக் குழப்பத்துக்கு ராமேசுவரம் தீவு முதல் தலைமன்னார் வரை ஒரு கோடு இழுத்தால் போதும். தெற்கே இருப்பது மன்னார் வளைகுடா. வடக்கே பாக் விரிகுடா, அதற்கும் வடகிழக்கில் கோடியக்கரைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடுவில் இருக்கும் குறுகல்தான் பாக் நீர்ச்சந்தி.

இந்தியாவுக்கும் இதே வேலைதான். 23½ டிகிரி கடகரேகை, 82½ டிகிரி திட்ட நேரத் தீர்க்கக்கோடு. இரண்டும் சத்தீஸ்கரின் வடபகுதியில் சந்திக்கின்றன. கடகரேகை எட்டு மாநிலம் வழியாகப் போகிறது என்று பட்டியலை ஒப்பிக்கும் பிள்ளைகளிடம், போபால் அந்தக் கோட்டுக்கு வடக்கா தெற்கா என்று கேட்டால் விழிப்பார்கள். அகமதாபாத், போபால், ராஞ்சி மூன்றும் சற்றுத் தெற்கே. அகர்தலா, ஐஸ்வால் சற்று வடக்கே. நர்மதை முழுவதும் தெற்கே, ஆரவல்லி ஏறக்குறைய முழுவதும் வடக்கே. இந்த அளவு தெரிந்தாலே மலையும் ஆறும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்காராது.

சரி, அடுத்தது அளவை. என்னைக் கேட்டால் பாடத்தில் மிக மோசமாகச் சொல்லித்தரப்படும் விஷயம் இதுதான். '1:50,000 என்றால் என்ன' என்று கேட்டால் சூத்திரம் வரும், அர்த்தம் வராது. காகிதத்தில் 1 சென்டிமீட்டர் என்றால் தரையில் 50,000 சென்டிமீட்டர், அதாவது 500 மீட்டர், அவ்வளவுதான். 1:2,50,000 என்றால் அதே 1 சென்டிமீட்டர் இரண்டரை கிலோமீட்டர். பின்னத்தின் கீழே இருக்கும் எண் பெரிதாகப் பெரிதாக அளவை சிறியது. பிள்ளைகள் இங்கேதான் தலைகீழாக எழுதுவார்கள், பெரிய எண் என்றால் பெரிய அளவை என்று. 2-ல் 1 பங்கு பெரியதா 50-ல் 1 பங்கு பெரியதா என்று கேளுங்கள், தானாகவே திருத்திக்கொள்வார்கள்.

இதை வீட்டிலேயே தொட்டுக் காட்ட நிலப் பத்திரக் கட்டைப் பிரியுங்கள். பட்டாவோடு எஃப்.எம்.பி. ஸ்கெட்ச், அதாவது புல வரைபடம் இருந்தால் (இல்லாவிட்டால் தமிழக அரசின் நில ஆவணத் தளத்தில் சர்வே எண் கொடுத்துப் பார்க்கலாம்) அதன் மூலையில் அளவை போட்டிருக்கும். ஒரு பக்கத்தை ஸ்கேலால் அளந்து, பெருக்கி, பிறகு நிலத்துக்கே போய் டேப் பிடித்துப் பார்க்கட்டும். ஒரு எச்சரிக்கை: அந்தத் தாளை ஜெராக்ஸ் கடையில் பெரிதாக்கி எடுத்தீர்கள் என்றால் அச்சில் இருக்கும் 1:2000 பொய்யாகிவிடும், ஏனென்றால் படம் பெரிதாகிவிட்டது, எண் மாறவில்லை. கோட்டளவை, அதாவது தூரத்தைக் காட்ட மேப்பிலேயே வரைந்திருக்கும் சின்னக் கோடு, மட்டும் படத்தோடு சேர்ந்து நீளுவதால் எப்போதும் சரியாக இருக்கும். நல்ல மேப்பில் இரண்டையும் போடுவதற்கு இதுதான் காரணம். போனில் மேப்பை விரித்துச் சுருக்கும்போது ஓரத்தில் ஒரு சின்னக் கோடு மாறிக்கொண்டே இருக்கிறதே, அதுவும் இதேதான்.

அளவை மாறினால் உண்மையே மாறுமா என்றால், ஒரு விதத்தில் மாறும். இந்தியக் கடற்கரையின் நீளம் 7,516 கிலோமீட்டர் என்று நாமெல்லாம் படித்தோம். 2024-ல் அதை 11,098 கிலோமீட்டர் என்று திருத்தினார்கள். கடற்கரை ஒன்றும் வளரவில்லை. பழைய கணக்கு 1:45,00,000 அளவையில் எடுத்தது, புதியது 1:2,50,000-ல் எடுத்தது. அளவை பெரிதாகும்போது முன்பு நேர்கோடாகத் தெரிந்த இடத்தில் கழிமுகம், உப்பங்கழி, சின்னச் சின்ன வளைவு எல்லாம் தெரியும், அதையெல்லாம் சுற்றி அளந்தால் நீளம் கூடத்தானே செய்யும்? இதை ஒருமுறை புரிந்துகொண்ட பிள்ளை, எந்த மேப்பைப் பார்த்தாலும் முதலில் அளவையைத்தான் தேடும்.

அட்சம் தீர்க்கம் பற்றி இன்னும் ஒன்று. 1 டிகிரி அட்சம் எங்கே எடுத்தாலும் ஏறக்குறைய 111 கிலோமீட்டர். தீர்க்கம் அப்படியல்ல, துருவத்தை நோக்கிப் போகப்போக நெருங்கிவிடும்: தமிழ்நாட்டில் 1 டிகிரிக்குச் சுமார் 109 கிலோமீட்டர், டெல்லியில் 98 ஆகிவிடுகிறது. இந்தியாவின் நிலப்பரப்பு தெற்கு வடக்காகவும் கிழக்கு மேற்காகவும் கிட்டத்தட்ட 30 டிகிரிதான் விரிந்திருக்கிறது, ஆனால் முதலாவது 3,214 கிலோமீட்டர், இரண்டாவது 2,933 கிலோமீட்டர் என்று புத்தகத்தில் போட்டிருப்பதற்குக் காரணம் இதுதான். போனில் இருக்கும் தட்டையான உலக மேப் இந்த நெருக்கத்தைக் கணக்கில் எடுக்காமல் தீர்க்கக்கோடுகளை இணையாகவே வரைகிறது, அதனால் வடக்கே போகப்போக எல்லாம் ஊதிவிடும். அதில் கிரீன்லாந்து இந்தியாவைப் போலப் பல மடங்கு தெரியும், நிஜத்தில் இந்தியாதான் ஒன்றரை மடங்கு பெரிது.

நேரம்: பூமி 1 டிகிரி திரும்ப 4 நிமிடம். 30 டிகிரி அகலமுள்ள நாட்டில் கிழக்குக் கோடிக்கும் மேற்குக் கோடிக்கும் 2 மணி நேர வித்தியாசம் வருவதால்தான் நடுவில் 82½ டிகிரியை எடுத்து எல்லோருக்கும் ஒரே கடிகாரம் வைத்தார்கள். சென்னை அதற்கு இரண்டேகால் டிகிரி மேற்கே இருப்பதால் இங்கே சூரியன் உச்சத்துக்கு வருவது சராசரியாக 12 மணி 9 நிமிட வாக்கில். ஒரு காலத்தில் மெட்ராஸ் டைம் என்று தனியாகவே ஒரு நேரம் இருந்தது, ரயில்வே அதைத்தான் பின்பற்றியது. இன்றைய நேரத்தைவிட அது சரியாக அந்த 9 நிமிடத்தை ஒட்டித்தான் பின்தங்கியிருந்தது.

திசை சொல்லித்தரும்போது நம் ஊரில் ஒரு விசேஷச் சிக்கல் உண்டு. 'நண்பகலில் நிழல் விழும் பக்கம் வடக்கு' என்று பல புத்தகத்தில் பார்க்கலாம். டெல்லியில் அது வருஷம் முழுக்கச் சரி. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே போய்விடுகிறது, நிழல் தெற்கே விழும்! அந்த எல்லையில் வரும் இரண்டு நாள்தான் நிழலில்லா நாள். கோடை விடுமுறையில் இந்தச் சோதனையைச் செய்து திசையைத் தலைகீழாகக் குறித்துக்கொண்ட பிள்ளைகள் ஏராளம். பாதுகாப்பான வழி: ஒரு குச்சியை நட்டு, காலை 9 மணி வாக்கில் நிழலின் நுனியில் ஒரு கல், மாலை 3 மணி வாக்கில் இன்னொரு கல். காலைக் கல் மேற்கு, மாலைக் கல் கிழக்கு. இந்தக் கோட்டுக்குச் செங்குத்தாக வடக்கு தெற்கு. டிகிரி சுத்தமாக வராது, ஆனால் மேப்பைத் திருப்பி வைக்க இது போதும். ஆமாம், மேப்பைத் திருப்பி வைக்க வேண்டும். மேப்பின் மேல் ஓரம் சுவரைப் பார்க்க இருந்தால் சுவர் வடக்கு ஆகிவிடாது. தரையில் விரித்து, அதன் வடக்கை உண்மையான வடக்கோடு பொருத்திவிட்டுப் படிக்கப் பழக்குங்கள்.

இப்போது சம உயரக்கோடு. இதற்குத்தான் நான் அதிக நேரம் எடுப்பேன், ஏனென்றால் தட்டைத் தாளில் மலையும் பள்ளமும் தெரிய ஆரம்பிப்பது இங்கேதான். கோடையில் மேட்டூர் அணைப் பக்கம் போனால் நீர் இறங்க இறங்க கரையில் வரிவரியாகத் தடம் விட்டுப் போயிருக்கும், பண்ணவாடியில் நந்தி சிலை தலை காட்டும். அந்தத் தடம் ஒவ்வொன்றும் ஒரு சம உயரக்கோடு. ஒரு காலத்தில் தண்ணீர் அங்கே மட்டமாக நின்றது, ஆகவே அந்த வரியில் எந்த இடமும் ஒரே உயரம். சரிவு குறைவான கரையில் வரிகள் விலகி விலகி இருக்கும், செங்குத்தான பாறையில் ஒட்டிக்கொண்டு இருக்கும். மேட்டூர் போக முடியாதென்றால் ஒரு தொட்டியில் கரடுமுரடான கல்லை வைத்து, ஒரு விரல்கடை தண்ணீர் ஊற்றி, நீர்மட்டத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, மறுபடி ஒரு விரல்கடை ஊற்றி, இப்படியே போனபின் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கல்லை நேர் மேலிருந்து பார்த்து வரையச் சொல்லுங்கள். பத்துப் பக்கம் விளக்கம் மிச்சம்.

கோடுகள் V மாதிரி வளையும் இடங்களில் எல்லோரும் தடுமாறுவார்கள். V-யின் முனை உயரமான பக்கத்தைப் பார்த்தால் அது பள்ளத்தாக்கு, அதில் ஓடை இருக்கும். முனை தாழ்வான பக்கத்தைப் பார்த்தால் அது மலையிலிருந்து நீண்டு இறங்கும் முகடு. உயரம் எழுதியிருக்கும் எண்ணைப் பார்க்காமல் இதைச் சொல்ல முடியாது, அதனால் முதலில் எண்ணைத் தேடு, அப்புறம் V-யைப் பார் என்று சொல்லிவையுங்கள்.

சரிவுக் கணக்குக்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஊட்டி ரயில். மேட்டுப்பாளையம் 326 மீட்டர், ஊட்டி 2,203 மீட்டர், பாதை 46 கிலோமீட்டர். ஏற்றம் 1,877 மீட்டர், அப்படியானால் சராசரியாக 24½ மீட்டருக்கு 1 மீட்டர் ஏற்றம். ஆனால் அது சராசரி. கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல இடத்தில் 12 மீட்டருக்கு 1 மீட்டர் என்று ஏறுகிறது, அங்கேதான் பல்சக்கரம் தேவைப்படுகிறது. மேப்பில் நேர்கோடாக அளந்தால் இரண்டு ஊருக்கும் 30 கிலோமீட்டர்கூட வராது. மீதித் தூரம் எங்கே போனது? நேராக ஏற முடியாமல் சம உயரக்கோட்டை ஒட்டி ஒட்டி வளைந்து போனதில் போனது. கொல்லிமலைச் சாலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் இதே காரணம்தான். வளைந்த பாதையை அளக்க நனைத்த நூலைப் பாதையின் மேல் வைத்துப் பிறகு நீட்டி ஸ்கேலில் வைக்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும், நனைப்பது நூல் நழுவாமல் இருக்க.

இதையெல்லாம் உண்மையான மேப்பில் பார்க்க இந்திய நில அளவைத் துறையின் டோப்போஷீட் வேண்டும், 1:50,000 தாள்கள். துறையின் இணையதளத்தில் பதிவு செய்துகொண்டு பி.டி.எஃப். ஆக இறக்கிக்கொள்ளலாம். பழைய எண் முறை பார்க்கப் பயமாக இருந்தாலும் எளிது: 4 டிகிரிக்கு 4 டிகிரி கட்டத்துக்கு ஒரு எண், அதை 1 டிகிரிக் கட்டங்களாகப் பதினாறாக்கினால் ஏ (A) முதல் பி (P) வரை எழுத்து, அதையும் பதினாறாக்கினால் 15 நிமிடத் தாள். எழுத்தும் எண்ணும் வடமேற்கு மூலையில் தொடங்கி மேலிருந்து கீழாக எண்ணிக்கொண்டு வரும். மதுரை 58 கே/1. உங்கள் ஊரின் அட்ச தீர்க்கத்தை போனில் பார்த்துத் தாள் எண்ணை அவளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், நல்ல பயிற்சி. இந்தத் தாள்களில் சம உயரக்கோடு பழுப்பு நிறம், 20 மீட்டருக்கு ஒன்று, ஐந்தாவது கோடு தடிமனாக இருக்கும். தண்ணீர் நீலம், காடு பச்சை, விளைநிலம் மஞ்சள், சாலையும் ஊரும் சிவப்பு. மழைக்காலத்தில் மட்டும் ஓடும் ஓடைகள் கறுப்பு, நம் மாவட்டங்களில் இது நிறைய வரும்.

ஏரியைப் பார்க்கும்போது கரை எந்தப் பக்கம் என்று கவனிக்கச் சொல்லுங்கள். நம் ஏரிகளுக்குக் கரை கட்டியிருப்பது எப்போதும் தாழ்வான பக்கத்தில்தான். கரை கிழக்கே இருந்தால் நிலம் கிழக்கே சரிகிறது. சமவெளியில் சம உயரக்கோடு அபூர்வமாகத்தான் வரும், அங்கே சரிவைச் சொல்வது ஏரிக்கரைதான்.

தாளில் சில குன்றுகளின் மேல் சின்ன முக்கோணமும் உயரமும் போட்டிருக்கும். அவை முக்கோண அளவீட்டு நிலையங்கள். அந்த அளவீடு தொடங்கியது சென்னையில்தான்: 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய நில அளவையாளர் பரங்கிமலையை ஒட்டி சுமார் 12 கிலோமீட்டர் அடிக்கோடு ஒன்றை, அதாவது முதல் முக்கோணத்தின் ஒரு பக்கத்தை, சங்கிலியால் அளந்தார். ஒரு பக்கமும் இரண்டு கோணமும் தெரிந்தால் முக்கோணம் முழுவதும் தெரிந்துவிடும், பிறகு அந்தப் பக்கத்தின் மேல் அடுத்த முக்கோணம். உங்கள் பெண் கணக்குப் புத்தகத்தில் முக்கோணவியலில் 'இது எதற்கு' என்று கேட்டிருந்தால் பதில் இதுதான். தஞ்சைச் சமவெளியில் ஏற மலை இல்லாததால் கோயில் கோபுரங்களில் ஏறினார்கள். 1808-ல் அரை டன் எடையுள்ள தியோடலைட்டை, அதாவது கோணம் அளக்கும் கருவியை, பெரிய கோயில் என்று நாம் சொல்லும் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி மோதி நசுங்கியது, லாம்டனே அதைத் தட்டி நிமிர்த்திச் சரிசெய்தார். அவர் தெற்கிலிருந்து வடக்கே கொண்டுபோன அந்த நீண்ட முக்கோணச் சங்கிலி எதை ஒட்டிப் போனது தெரியுமா, நாம் பென்சிலால் போட்ட அதே 78 டிகிரியை.

கடைசியாகத் தேர்வுக்கு. வினாத்தாள் மேப் கிடைத்ததும் முதல் வேலை அந்த இரண்டு கோட்டையும் மெல்லிய பென்சிலில் போடுவது, முடிந்ததும் அழித்துவிடலாம். ஊர், துறைமுகம், சிகரம் என்றால் புள்ளி அல்லது அதற்குரிய குறியீடு. கரிசல் மண், தேயிலை விளையும் பகுதி என்றால் புள்ளி வைக்கக் கூடாது, பரப்பாக நிழலிட வேண்டும். ஆறு என்றால் பிறக்கும் இடத்திலிருந்து கடல் வரை கோடு, பெயரை அதன் ஓரமாகவே எழுத வேண்டும். மலைத்தொடர் என்றால் அது போகும் திசையிலேயே நீளமாகக் குறிக்க வேண்டும், நடுவில் ஒரு இடத்தில் பெருக்கல் குறி போட்டு 'ஆரவல்லி' என்று எழுதினால் மார்க் வராது. வீட்டில் பழகும்போது அலமாரியில் வைத்த அந்த அவுட்லைன் மேப்பை இப்போது எடுக்கலாம், ஆனால் ஒரே அளவில் இருப்பவை வேண்டாம், ஜெராக்ஸ் கடையில் சிலவற்றைப் பெரிதாகவும் சிலவற்றைச் சிறிதாகவும் எடுத்துக் கலந்து கொடுங்கள்.